உதகை மலையில் பிறந்த துறவு சபை: எஃப்.எம்.எம். சகோதரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்.எம்.எம். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தச் சபை எங்கே பிறந்தது என்று அவர்களைக் கேட்டால் பெரும்பாலும் பிரான்ஸ் என்றோ ரோமாபுரி என்றோதான் பதில் வரும். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் ஒரு பெண்கள் துறவு சபை நம் நீலகிரி மலையில், தாது வருஷப் பஞ்ச காலத்தில், பெரும் மனவேதனைக்கு நடுவே உருவானது என்பது நம்மவர்களுக்கே தெரியாமல் இருக்கிறது. அந்த ஆதங்கத்தில் எழுதப்பட்டவை இந்தக் கேள்வி பதில்கள்.

எஃப்.எம்.எம். என்றால் என்ன?

'பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி' என்பதன் சுருக்கம். தமிழில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை எனலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தையின் நேரடி அங்கீகாரம் பெற்ற பெண்கள் துறவு சபைகளில் இதுவும் ஒன்று. தலைமை இல்லம் ரோமில் இருக்கிறது. பெயரில் உள்ள மூன்று சொற்களும் ஒரே நாளில் சேர்ந்தவை அல்ல. 1877-இல் 'மரியாவின் மறைப்பணியாளர்கள்' என்பதே பெயர். 'பிரான்சிஸ்கன்' என்பது எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அது எப்படி வந்தது என்பது கீழே இருக்கிறது.

சபையை நிறுவியவர் யார்?

இயற்பெயர் எலேன் தெ ஷப்போத்தேன். பிரான்சின் நான்த் நகரில், பிரபுக் குடும்பம் ஒன்றில், 1839 மே 21 அன்று பிறந்தார். துறவுப் பெயர் பாடுகளின் மரியா. இயேசுவின் திருப்பாடுகளையே பெயராக ஏற்றுக்கொண்டவரின் வாழ்க்கையும் அப்படியே அமைந்தது.

1856-இல், பதினாறு வயதில், ஒரு தியானத்தின்போது இறையழைத்தலை உணர்ந்தார். அதற்குப் பின் தாயார் எதிர்பாராமல் இறந்துபோனதால் துறவு தள்ளிப்போனது. 1860 டிசம்பரில் புனித கிளாராவின் ஏழைச் சகோதரிகள் மடத்தில் சேர்ந்தார். அசிசியாரின், அதாவது அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸின், எளிமையும் ஏழ்மையும் அவரை அங்கே இழுத்தன. ஆனால் சில மாதங்களிலேயே கடும் நோய். மடத்தை விட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று. உடல் தேறிய பிறகு, பாவசங்கீர்த்தன குருவின் வழிகாட்டுதலால் 1864-இல் வேறொரு சபையில் சேர்ந்தார். அது மரி ரெப்பராத்ரீஸ் சபை, அதாவது பரிகார மரியன்னை சபை. பெல்ஜியத்தைச் சேர்ந்த எமிலி துல்ட்ரமோன் என்ற கைம்பெண் 1857-இல் தொடங்கியது. நற்கருணை ஆராதனைதான் அதன் உயிர்மூச்சு.

அவர் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தார்?

அனுப்பினார்கள், வந்தார். 1865 மார்ச்சில் அவர் இன்னும் நவதுறவிதான், அதாவது துறவுப் பயிற்சியில் இருந்தவர். வார்த்தைப்பாடு எனும் துறவு உறுதிமொழி கூடக் கொடுத்திருக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறக்கப்பட இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. இருபத்தைந்து வயதுப் பெண் அப்படிப்பட்ட கடல்பயணம் செய்து, இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்த மதுரை மறைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். மதுரை மறைத்தளம் என்றால் மதுரை ஊர் மட்டும் அல்ல. திருச்சிராப்பள்ளியிலிருந்து தெற்குக் கடற்கரை வரை விரிந்த பரப்பு.

உள்ளூர்ப் பெண்களுக்கென்று இருந்த ஒரு துறவு சபையின் சகோதரிகளைப் பயிற்றுவிப்பது பரிகார மரியன்னைச் சகோதரிகளின் முக்கியப் பணி. 1866 மே 3 அன்று அவர் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தது இந்த மண்ணில்தான். அடுத்த ஆண்டு ஜூலையில், இருபத்தெட்டு வயதில், இங்கிருந்த மூன்று மடங்களுக்கும் மாகாணத் தலைவி ஆக்கப்பட்டார். ஏற்கெனவே மறைத்தளத்தில் சலசலப்புகள் இருந்தன. அவர் பொறுப்பேற்றதும் அவை ஓரளவு அடங்கின. ஆனால் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

1876-இல் என்ன நடந்தது? இருபது சகோதரிகள் ஏன் வெளியேறினார்கள்?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1874-இல் உதகமண்டலத்தில் பரிகார மரியன்னை சபையின் புதிய இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. உதகை மதுரை மறைத்தளத்தில் சேராது. கோயம்புத்தூர் ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. அதை நிர்வகித்தவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள். அப்பகுதியின் ஆயராக இருந்தவர் ஜோசப் பர்தூ. மேட்டுப்பாளையம் வரை அதற்கு முந்தைய ஆண்டுதான் ரயில் வந்திருந்தது. மலைமேல் ரயில் ஏற இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அப்படி ஒதுங்கிக் கிடந்த மலையூரில் திறந்த வீடு பின்னால் அடைக்கல வீடாக மாறும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கீழே மதுரையில் கருத்து வேறுபாடுகள் முற்றின. ஒரு மடத்துச் சகோதரிகளுக்கு எத்தனை பேர் மேலே இருந்தார்கள் என்று பாருங்கள்: ஐரோப்பாவில் சபைத் தலைமை, இங்கே மாகாணத் தலைவி, மறைத்தள ஆயர், ஆன்ம குருக்கள். ஒரு சிக்கலை எழுதிக் கேட்டுப் பதில் பெறவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் சிறு கீறல் பெரும் பிளவாகிவிடும். ஒருவர் கெட்டவர், இன்னொருவர் நல்லவர் என்று பிரித்துச் சொல்வதை விட இந்த அமைப்பின் நெருக்கடியைப் பார்ப்பதே நியாயம் என்பது என் எண்ணம்.

1876-இல் பாடுகளின் மரியா உள்ளிட்ட இருபது சகோதரிகள் பரிகார மரியன்னை சபையை விட்டுப் பிரிந்து உதகையில் ஒன்றுகூடினார்கள். ஆயர் பர்தூ அவர்களைத் தம் அதிகாரத்தின் கீழ் ஏற்றுக்கொண்டார். சமவெளியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. சொந்தச் சபை இல்லை, பெயர் இல்லை, சட்டநூல் இல்லை, தாய்நாடு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். அந்த இருபது பேரும் உதகைக் குளிரில் எந்த நம்பிக்கையில் செபித்திருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அப்படியானால் அவர்கள் துறவு வாழ்வைக் கைவிட்டவர்களா?

இல்லை. அவர்கள் விட்டது ஒரு சபையை, துறவை அல்ல. வீட்டுக்குத் திரும்ப யாரும் தடை சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தும் திரும்பாமல், தங்கள் நிலையைத் திருச்சபை முறைப்படுத்த வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காகவே 1876 நவம்பரில் அன்னை பாடுகளின் மரியா ரோமுக்குப் புறப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் பிரிந்து வந்த பரிகார மரியன்னை சபை இன்றும் இயங்குகிறது. அதை நிறுவிய எமிலி துல்ட்ரமோனுக்கு 1997-இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அளித்தார் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பாடுகளின் மரியாவுக்கும் அதே பட்டத்தை அளித்தவர் அவரே. பிரிவின் இரு பக்கத்துத் தாய்மாரும் பீடத்தில் இருக்கிறார்கள்.

சபையின் பிறந்தநாள் எது? உதகையில் பிறந்தது என்கிறீர்கள், ரோமில் என்றும் சொல்கிறார்களே?

இரண்டுமே சரி. ரோமில் அன்னையின் விண்ணப்பத்தை ஏற்று, புதிய சபை ஒன்றைத் தொடங்கத் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அனுமதி தந்த நாள் 1877 சனவரி 6. நம் பாட்டிமார் அவரை ஒன்பதாம் பத்திநாதர் என்பார்கள். அது மூன்று இராசாக்கள் திருநாள். தூர தேசத்தார் விண்மீனைப் பின்பற்றி வந்து ஆண்டவரைக் கண்ட நாளில், தூர தேசங்களுக்கென்றே ஒரு பெண்கள் சபைக்கு அனுமதி கிடைத்தது. சகோதரிகள் இன்றும் அந்த நாளை நன்றியோடு நினைக்கிறார்கள்.

ஆனால் அனுமதித் தாள் வந்தபோது அதைப் பெற்றுக்கொள்ள உயிருள்ள ஒரு குழு உதகையில் காத்திருந்தது. பிள்ளை பிறந்த இடம் உதகை, பெயர் எழுதிய இடம் ரோம் என்று சொன்னால் பொருந்தும்.

மறைப்பணிக்கென்றே பெண்கள் சபை என்பதில் என்ன புதுமை?

இன்று வியப்பாக இல்லைதான். அந்தக் காலச் சட்டத்தை நினைவுபடுத்திக்கொண்டால் புரியும். 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் பிறப்பித்த ஆணைப்படி, முழுமையான துறவியர் என்று கருதப்படும் பெண்கள் மடத்தின் அடைப்புக்குள்தான் வாழ வேண்டும். வெளியே போய்க் கற்பித்த, நோயாளிகளைப் பார்த்த சகோதரிகள் பலர் இருந்தார்கள். ஆனால் சட்டம் அவர்களைத் துறவியர் வரிசையில் முழுதாக வைக்கவில்லை. எளிய வார்த்தைப்பாடு கொண்ட சகோதரிகளின் சபைகளையும் உண்மையான துறவு சபைகளாகத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ஏற்றது 1900 டிசம்பரில்தான்.

அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, எந்த நாட்டுக்கும் போகத் தயாராக இருப்பதையே தன் முதல் அடையாளமாக வைத்து ஒரு சபை எழுந்தது. ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் பெண்களால் நுழைய முடிந்தது. அந்தப்புரத்தை விட்டு வெளியே வராத பெண்ணுக்கு மருந்தும் எழுத்தும் கொண்டுபோக இன்னொரு பெண்ணால்தான் முடியும். இதை அன்னை தமிழ்நாட்டில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்து கற்றிருப்பார் என்றே நம்புகிறேன்.

முதல் நவதுறவியர் இல்லம் ஏன் பிரான்சில் அமைந்தது?

மறைபரப்புப் பணிகளைக் கவனிக்கும் ரோமின் மறைபரப்புப் பேராயம் அப்படி ஆலோசனை சொன்னது. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உள்ள சேன் பிரியே என்ற ஊரில் இல்லம் திறந்ததும் இளம் பெண்கள் திரளாக வந்தார்கள்.

நிறுவனரே பதவி நீக்கப்பட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1883 மார்ச்சில், உள்ளூரப் புகைந்துகொண்டிருந்த எதிர்ப்பின் விளைவாக, சபைத் தலைவி பொறுப்பிலிருந்து அவர் நீக்கப்பட்டார். தான் பெற்ற பிள்ளையின் வீட்டிலேயே தாய்க்கு உரிமை இல்லை என்று ஆனது போன்ற நிலை. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ விசாரணைக்கு உத்தரவிட்டார். அன்னை மீது குற்றமில்லை என்பது முழுமையாக நிலைநாட்டப்பட்டது. 1884 ஜூலையில் கூடிய பொதுப் பேரவை அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது.

நடுவில் கழிந்தவை பதினாறு மாதங்கள். தமக்கென்று ஒரு கட்சி சேர்த்து, மறுபடி ஒரு பிளவை உண்டாக்கிக்கொண்டு அவர் வெளியேறவில்லை. விசாரணையின் முடிவுக்குக் காத்திருந்தார். ஒரு முறை பிரிவின் வலியைப் பட்டவருக்கு அந்தக் காத்திருப்பு எத்தனை கடினம்! அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் தொட்ட பகுதி சீனாவோ உதகையோ அல்ல, இந்தப் பதினாறு மாதங்கள்தான்.

பிரான்சிஸ்கன் என்ற அடையாளம் எப்போது வந்தது?

1882 ஜூனில் சபையின் சிக்கல்களைத் தீர்க்க மறுபடி ரோம் சென்றார் அன்னை. அந்தப் பயணத்தில் அங்கே ஓர் இல்லம் திறக்கவும் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 4, அசிசியாரின் திருநாளன்று, ரோமின் ஆராச்செலி ஆலயத்தில் புனித பிரான்சிஸின் வழியைப் பின்பற்றும் 'மூன்றாம் சபை' என்ற கிளையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பிரான்சிஸ்கன் சபையின் உலகத் தலைவராக இருந்த போர்த்தோகுருவாரோ பெர்னார்தீன் அடிகளின் அறிமுகமும் அப்போது கிடைத்தது. பதவி நீக்கக் காலத்தில் தகப்பனைப் போலத் துணை நின்றவர் அவர்.

1885 ஆகஸ்ட் 12 அன்று சபைக்கு ரோமின் அங்கீகாரமான பாராட்டு ஆணையும் பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைக்கும் ஆணையும் வந்தன. நோயால் கிளாரா மடத்தை விட்டு வந்த இருபத்தொரு வயதுப் பெண், நாற்பத்தாறாவது வயதில் அசிசியாரின் வீட்டுக்கே திரும்பினார், தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு. சபையின் சட்டநூல் 1890 ஜூலை 17-இல் சோதனை முறையிலும் 1896 மே 11-இல் நிரந்தரமாகவும் ஏற்கப்பட்டது.

எவ்வளவு வேகமாக வளர்ந்தது?

1877-இல் இருபது பேர். அன்னை 1904 நவம்பர் 15 அன்று இத்தாலியின் சான் ரெமோவில் இறந்தபோது நான்கு கண்டங்களில் 86 இல்லங்கள், 2000-க்கும் மேற்பட்ட சகோதரிகள். இருபத்தேழு ஆண்டுகளில் நூறு மடங்கு.

எண்களை விட, எங்கே போனார்கள் என்பதுதான் முக்கியம். 1898-இல் ஜப்பானின் குமாமொத்தோவுக்கு ஐந்து சகோதரிகள் போய் இறங்கினார்கள். அங்கே கோயில் வாசல்களில் கைவிடப்பட்டுக் கிடந்த தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொள்ள பிரெஞ்சுக் குரு ஒருவர் உதவி கேட்டிருந்தார். மொழி தெரியாது, நோய்க்கு அப்போது குணமும் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போவது அச்சபையின் பழக்கமாகவே இருந்தது.

சீனாவில் கொல்லப்பட்ட சகோதரிகள் யார்?

ஏழு பேர். பிரான்ஸ் நாட்டவர் மூவர், இத்தாலியர் இருவர், பெல்ஜியத்தவர் ஒருவர், ஹாலந்து நாட்டவர் ஒருவர். ஷான்சி மாநிலத்தின் தாய்யுவான் நகரில் அனாதைக் குழந்தைகளையும் நோயாளிகளையும் கவனிக்க 1899-இல் சென்றார்கள். தலைவியாக இருந்தவர் மரி எர்மீன். ஓராண்டுக்குச் சற்று அதிகம்தான் அங்கே வாழக் கிடைத்தது. அந்நியரையும் கிறிஸ்தவரையும் எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சி பரவியபோது, 1900 ஜூலை 9 அன்று ஆயர்கள் கிராஸ்ஸி, ஃபொகொல்லா ஆகியோருடனும் குருக்கள், சீனக் கிறிஸ்தவர்களுடனும் சேர்த்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தப்பிப் போகும்படி ஆயர் சொல்லியும் அவர்கள் மறுத்துவிட்டதாகச் சபையின் நினைவில் நிற்கிறது.

1946 நவம்பரில் அருளாளர்களாகவும், 2000 அக்டோபர் 1 அன்று சீன மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்) 120 பேரில் எழுவராகப் புனிதர்களாகவும் அறிவிக்கப்பட்டார்கள்.

செய்தி கேட்ட தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எழுத எனக்குச் சொல் இல்லை. ஆனால் அவர் செய்தது பதிவாகியிருக்கிறது: 1904-இல் அதே ஷான்சிக்கு மீண்டும் சகோதரிகளை அனுப்பினார்.

அசுந்தா பல்லோத்தா என்ற பெயரைச் சில இல்லங்களில் பார்க்கிறோமே, அவர் யார்?

அப்படி 1904-இல் ஷான்சிக்குப் போனவர்களில் ஒருவர். இத்தாலியக் கிராமத்துப் பெண். பெரிய படிப்பு இல்லை, பதவி எதுவும் வகிக்கவில்லை. சமையல், தோட்டம், வீட்டு வேலை என்று எது கிடைத்ததோ அதை அன்போடு செய்தார். 1905 ஏப்ரலில், இருபத்தாறு வயதில், டைஃபஸ் காய்ச்சலால் இறந்தார். 1954-இல் அருளாளர் ஆனார். மறைசாட்சிகளின் இரத்தத்துக்குக் கிடைத்த அதே மதிப்பு அடுப்படியில் உழைத்த கைகளுக்கும் கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அன்னை பாடுகளின் மரியா புனிதரா?

அருளாளர். 2002 அக்டோபர் 20 அன்று, உலக மறைபரப்பு ஞாயிறில், அந்தப் பட்டம் வழங்கப்பட்டது. அவருடைய உடல் ரோமில் சபையின் தலைமை இல்லத்தில் உள்ள சிற்றாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டில் இன்று இவர்கள் செய்வது என்ன?

பள்ளிகள், மருத்துவப் பணி, பெண்கள் மேம்பாடு என்று பல. உதகையின் நாசரேத் கான்வென்ட் இச்சபையினருடையது. சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று, மரியாவின் விண்ணேற்புத் திருநாளும் இந்திய விடுதலையும் ஒன்றாக வந்த அந்தக் காலையில், சாந்தோமில் 32 மாணவியரோடு தொடங்கிய கல்லூரி அது. பின்னாளில் கதீட்ரல் சாலைக்கு இடம் மாறியது.

சகோதரியாகச் சேர எத்தனை ஆண்டுகள் ஆகும்?

எல்லாத் துறவு சபைகளுக்கும் திருச்சபைச் சட்டம் சில எல்லைகளை வகுத்திருக்கிறது. முதலில் சபையின் வாழ்வை அருகிலிருந்து அறியும் ஆயத்தக் காலம். பிறகு நவதுறவு, பதினேழு வயது நிறையாமல் அதில் சேர்க்கக் கூடாது. குறைந்தது 12 மாதங்கள், அதிகம் போனால் இரண்டு ஆண்டுகள். அது முடிந்ததும் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றுக்கும் தற்காலிக வார்த்தைப்பாடு. குறைந்தது மூன்று ஆண்டுகள் அப்படி வாழ்ந்த பிறகே, இருபத்தொரு வயது நிறைந்தவர்கள் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கலாம். நடைமுறையில் இன்னும் நீளும். இடையில் எந்தக் கட்டத்திலும், இது என் வழி இல்லை என்று உணர்ந்தவர் தலைநிமிர்ந்து வீடு திரும்பலாம். அப்படித் திரும்பும் மகளைப் பெற்றோர் குறையாகப் பார்க்கக் கூடாது. இந்தச் சபையின் தாயே ஒரு முறை நோயோடு வீடு திரும்பியவர்தான்.

இத்தனை வேலைக்கு நடுவே செபத்துக்கு நேரம் ஏது?

நற்கருணை ஆராதனையே இவர்கள் வாழ்வின் நடுப்புள்ளி. அது அன்னை பரிகார மரியன்னை சபையிலிருந்து கையோடு கொண்டு வந்த செல்வம். 1876-இல் மலையேறியபோது எதையெதையோ இழந்தார்கள். அதை மட்டும் இழக்கவில்லை. வகுப்புக்கும் மருத்துவமனைக்கும் ஓடும் சகோதரியர் சிற்றாலயத்தில் நற்கருணை ஆண்டவர் முன் அமைதியாக மண்டியிடும் நேரம் இன்றும் அவர்களுடைய நாளில் உண்டு. உதகையில் காத்திருந்த அந்த இருபது பேரும் அப்படித்தான் மண்டியிட்டிருப்பார்கள்.